மேடம் என்று கூப்பிட்ட தம்பி

அருளு, இதை நீ ஓரிடத்தில் உட்கார்ந்து படி. ஆபீஸ் படிக்கட்டில் ஏறிக்கொண்டே, ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு படிக்கிற விஷயம் இல்லை இது. போனில் சொல்லலாம் என்றுதான் நேற்று சாயங்காலம் எடுத்தேன். நீ எடுத்தவுடனே, "சொல்லும்மா, சீக்கிரம் சொல்லு, மீட்டிங் இருக்கு" என்றாய். நானும் பந்தல்காரர், சமையல்காரர் என்று என்னத்தையோ உளறிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உன் போனுக்கே அனுப்பிவிடுவேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். காலமெல்லாம் நர்ஸ் வேலை பார்த்தவள் கையெழுத்து டாக்டர் கையெழுத்து மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் உங்கள் கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, வாசித்தார்கள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சதாம்மா?" என்று கேட்டாய், முடிந்தது என்று சொன்னேன். சாமியார் உன் பேரையும் பெனிட்டா பேரையும் அழகாகத்தான் வாசித்தார். வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்றார். எல்லா ஓலைக்கும் சொல்கிறதுதான். நாம் கேட்டுக் கேட்டுக் காதில் விழாமல் போன வார்த்தை. உன் இன்னாசி மாமா காதில் விழுந்திருக்கிறது. கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, நாலு பேர் நிற்கிறார்களே என்று கூடப் பார்க்காமல், "யக்கா, சாமியார் சொன்ன தடை நாந்தானா?" என்று கேட்டான். "கூறுகெட்டவனே, செருப்பை மாட்டிக்கிட்டு நட" என்று அதட்டிக் கூட்டி வந்தேன்.

மாமா ஏன் அப்படிக் கேட்டான் என்பது உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நீயும் நானும் நடந்துகொண்டிருக்கிறோம். உன் கல்யாணம் பேசும்போது, "தாய்மாமன் எங்க இருக்காக?" என்று பெண் வீட்டார் கேட்டதற்கு நீதான் முந்திக்கொண்டு, "குவைத்துல இருக்காக, லீவு கெடைக்கிறது கஷ்டம்" என்றாய். எனக்குக் கூடப் பிறந்தது ஒரே தம்பி. அவன் நம் பின்கட்டில் உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. நம்மூரில் விசாரித்தாலும் ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சம்பந்தம் விசாரிக்க வருகிறவர்களிடம் குறை சொல்லாமல் இருப்பதைப் பெரிய புண்ணியமாக நினைக்கிற ஊர் இது. எல்லோருமாகச் சேர்ந்து அவனை விமானம் ஏற்றிவிட்டோம்.

இனி நம் மனநல நிலையத்து விஷயம். வருஷா வருஷம் நாம் என்ன செய்தோம், என்ன வந்தது, என்ன போனது என்று எல்லோருக்கும் வாசித்துக்காட்டுகிறேன், நீ மட்டும் ஒரு தடவையும் முழுசாகக் கேட்டதில்லை. இந்த வருஷக் கதையைக் கேள். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் மலையேறி, இருட்டிய பிறகு இறங்குகிறவர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை இருக்கிறது என்றால், அதற்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தேனி வரைக்கும் போக வேண்டும். அதனால்தான் நிலையத்தில் வேலை பார்க்கிற நம் பரிதா விடியற்காலையில் கம்பம் ஜீப் ஸ்டாண்டில் போய் நிற்கிறாள். மாத்திரையை வெற்றிலைப் பொட்டலம் மாதிரி மடித்து அவரவர் கையில் கொடுத்து, "ராத்திரி தூங்குனியா? சத்தம் கேக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஜீப்பை விடுவாள். டிரைவர்கள் கூட ஆரன் அடிக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வருவார். கிறுக்கு என்று ஒதுக்கி வைத்த எத்தனை பேர் இப்படிச் சோறாக்கிப் பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உனக்கே தெரியும்.

வெளிநாட்டிலிருந்து உதவிக்கொண்டிருந்தவர்கள் இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர்களுக்கு அங்கன என்ன நெருக்கடியோ. அப்புறம் ஒரு கம்பெனியிலிருந்து, உதவி செய்யலாமா என்று பார்க்க ஒரு தம்பி வந்தான். நல்ல பிள்ளை, சட்டை கசங்காமல் வந்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எத்தனை பேர் முழுசா குணமாகி வெளிய போயிருக்காங்க?" என்று கேட்டான். எனக்கு வந்ததே கோபம்! "சக்கரை வியாதிக்காரக என்னைக்குத் தம்பி பாஸாகி வெளிய போவாக?" என்றேன். சிரித்தான். சிரித்துவிட்டுப் போனவன் போனவன்தான். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். டாக்டர் இப்போது மாதம் விட்டு மாதம் வருகிறார். நிலையத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டுக்காரர் வேறு, கட்டடத்தைக் குடோனுக்குக் கேட்கிறார்கள் என்று வாரத்துக்கு ஒரு தடவை வந்து திண்டாடுகிற முகத்தோடு நிற்கிறார்.

இதில் நான் எடுத்த முடிவு ஒன்று உண்டு. நோய்க்கான மாத்திரையைக் குறைக்க முடியாது. அது கையை நடுங்க வைக்கும், அந்த நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை கொடுப்போம். டாக்டரிடம் கேட்டு, ரொம்பவும் கஷ்டப்படுகிறவர்களுக்கு மட்டும் அந்த இரண்டாவது மாத்திரை என்று வைத்தோம். மற்றவர்கள் நடுக்கத்தோடு சமாளிக்க வேண்டியதுதான். மாமா மற்றவர்களில் ஒருவன். அவனுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்க என் கை போனதுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கொடுத்துவிட்டு மறுநாள் பரிதா முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்த ஜீப் ஸ்டாண்டில் அவள் எத்தனை பேருக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வருகிறாள்! கொடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் உன் மாமனார் நிலையத்தைப் பார்க்க வந்தார். ஏலக்காய் வியாபாரத்தில் இருக்கிறவர், கை தாராளம், மனசும் நல்ல மனசுதான். நீயும் லீவு போட்டு வந்திருந்தாய். மாமாதான் டீ கொண்டுவந்தான். தட்டில் டம்ளர்கள் கடகடவென்று ஆடின, பாதி டீ தட்டில்தான் இருந்தது. "இவரு யாரு?" என்று அவர் கேட்டார். "இங்கன இருக்கிற ஆளு மாமா, ட்ரீட்மெண்ட்ல இருக்காரு" என்று நீ சொன்னாய். உன் முகம் கூட மாறவில்லை, அருளு. உனக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவன், உனக்குக் காய்ச்சல் என்றால் பால்காரனோடு சண்டை போட்டுப் பசும்பால் வாங்கி வந்தவன், நீ வேறொருத்தரை மாமா என்று கூப்பிட்டதையும் கேட்டுக்கொண்டு, தன்னை யார் என்று நீ சொன்னதையும் கேட்டுக்கொண்டு, தட்டைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்து, "சீனி பத்துமா மேடம்?" என்றான்.

மேடமாம்! என் கூடப் பிறந்தவனுக்கு நான் மேடம். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பத்தும்" என்றேன். அவ்வளவுதான் செய்தேன். உன் மாமனார் டீயைக் குடித்துவிட்டு, "சம்பந்தியம்மா, இனிமே நீங்க யார்கிட்டயும் போய் நிக்க வேணாம். இந்த நிலையத்தை எங்க டிரஸ்ட் பாத்துக்கிரும். கல்யாணத்தன்னைக்கு மேடையிலயே சொல்லிருவோம்" என்றார். பரிதா சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கும்பிட்டேன். கும்பிட்ட கையைப் பிரித்தால் எல்லாம் கீழே விழுந்துவிடும் என்று பட்டது.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சோறு போட்டேன். "குழம்பு கொஞ்சம் ஊத்துங்க மேடம்" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்து, "ஏலே, அடி வாங்குவ" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "பழகிக்கிறேன்க்கா. கல்யாண வீட்டுல வாய் தவறிறக் கூடாதுல்ல" என்றான். அதிலிருந்து வீட்டிலும் மேடம்தான். மறந்து யக்கா என்று கூப்பிட்டுவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வான். கோயில் வாசலில் அன்றைக்கு யக்கா என்று கேட்டானே, அது அவனை அறியாமல் வந்தது.

அருளு, நான் ஊருக்கு என்ன சொல்லி வந்தேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? ஊருக்கு மறைக்கலாம், அது அவரவர் இஷ்டம், அதற்குத்தான் வெற்றிலைப் பொட்டலம். ஆனால் ஒரே பானையில் சோறு தின்னப் போகிறவர்களுக்கு மறைக்கக் கூடாது. மறைத்துக் கட்டிக்கொடுத்தால் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளிக்க வேண்டும், ஒளிக்க முடியாத நாளில் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் திரும்ப முதலிலிருந்து. ஓடைப்பட்டியில் திராட்சை பேக்கிங் ஷெட்டில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் அம்மா என்னிடம் வந்து, "சொல்லித்தான் ஆகணுமா மேடம்? மாப்பிள்ளை வீட்டாளுக நல்லவுகளா இருக்காக" என்று அழுதாள். "நல்லவுகன்னா தைரியமாச் சொல்லு ஆத்தா" என்று நிமிர்ந்து உட்கார்ந்து புத்தி சொன்னேன். சொன்னாள். மறுவாரமே அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை, இன்றைக்கும் வந்து மகளுக்கு மாத்திரை வாங்கிப் போகிறாள். உன் கல்யாணத்துக்கு வருவதாகப் புதுச்சேலை எடுத்து வைத்திருக்கிறாள். அவளை எந்த மூஞ்சியோடு பந்தியில் உட்காரச் சொல்வேன்?

சொன்னால் உன் கல்யாணம் நிற்கும், நிலையமும் மூடும், பரிதா வெறுங்கையோடு ஜீப் ஸ்டாண்டில் நிற்பாள். சொல்லாவிட்டால் மாமா உன் கல்யாணத்தில் தண்ணீர் ஊற்றுகிற ஆளாக நிற்பான், அவனை மறைத்துவிட்டு வாங்கிய காசில் நான் அவனுக்கே மாத்திரை கொடுப்பேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஜெபம் சொல்ல உட்கார்ந்தால் கூட, ஆண்டவரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன். உன் அப்பா இருந்திருந்தால் அவர் மேல் எரிந்து விழுந்தாவது ஆற்றிக்கொண்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை பரிதா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மேடம், கோவிச்சுக்காதீக. மாமா மூணு நாளாச் சரியில்ல. தூங்கல. யாரோ பேசுறாப்புல காதைத் திருப்பித் திருப்பி வைக்கிறாக" என்றாள். வீட்டுக்குள்ளேயே இருக்கிறவனை நான் பார்க்கவில்லை, பந்தல்காரரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஓடிப் போய்க் கேட்டேன். முதலில் இல்லை என்றான். அப்புறம், "நிப்பாட்டிட்டேன்க்கா" என்றான். "ஏன்டா பாவி?" என்று கத்திவிட்டேன். இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினான். "இந்தா பாரு, ஆடல. கை ஆடலைன்னா யாருக்கும் தெரியாதுல்ல? மாமன்னே வரலாம்ல? குவைத்துல இருந்து லீவு கெடைச்சு வந்துட்டேன்னு சொல்லிருவோம். மாலையை மட்டும் போட்டுட்டு இறங்கிருவேன்க்கா" என்றான்.

கல்யாணத்தன்று காலையில் தாய்மாமன் மாலை போட்டு, மோதிரம் போட்டுக் கையைப் பிடித்து இறக்காமல் நம் வீடுகளில் மாப்பிள்ளை வாசலைத் தாண்டுவதில்லை. அதற்காக அவன் புத்தியை அடகு வைத்துக் கையை நிறுத்தியிருக்கிறான். நான் குறைத்த மாத்திரையால் ஆடிய கை அது. நீ மறைத்ததால் நிறுத்தப்பட்ட கை. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன், அவன் என் முதுகைத் தட்டிக்கொடுத்து, "அழாதீக மேடம், அழாதக்கா" என்று மாற்றி மாற்றிச் சொன்னான். டாக்டருக்குப் போன் போட்டு, அவர் சொன்னபடி அன்றைக்கே ஆரம்பித்தாயிற்று. நடுக்கத்துக்கான மாத்திரையும் சேர்த்துத்தான். டாக்டரே ரொம்ப அவசியம் என்று சொல்லிவிட்டார், பரிதாதான் எடுத்து வந்து என் கையில் திணித்தாள். இப்போது தூங்குகிறான். நல்லவேளை, நோய் ரொம்பத் தூரம் முற்றிப் போகவில்லை.

நேற்று வியாழக்கிழமை போடிக்குப் பஸ் ஏறினேன். உன்னைக் கேட்காமல்தான் போனேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாய், நானும் சரி என்றிருப்பேன். உன் மாமனார் கடையிலிருந்து வந்து, கையைக் கழுவிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பெனிட்டா பலகாரத் தட்டோடு வந்து அங்கேயே நின்றாள். டீ கொண்டு வந்தவன் என் தம்பி, உன்னுடைய தாய்மாமன், குவைத்துக்கெல்லாம் போனதில்லை, மலைக்கு அந்தப் பக்கம் குமுளி வரைக்கும்தான் போயிருக்கிறான் என்று சொன்னேன். வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறான், சாப்பிடுகிற வரைக்கும் உங்களையும் என்னையும் போலத்தான் என்றேன். நீ என்ன சொன்னாய், நான் என்ன செய்தேன், அவன் எதற்காக மாத்திரையை நிறுத்தினான் என்பதையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சம்பந்தியம்மா, நிலையத்துக்குக் குடுக்கிறதாச் சொன்னது சொன்னதுதான். அதுல மாத்தமில்ல. அந்த மாதிரி சனங்களுக்குச் செய்யிறது எங்களுக்கும் புண்ணியம். ஆனா பொண்ணு குடுக்கிறது வேற விஷயம்ல? நாளைக்குப் பேரன் பேத்தின்னு வரும்போது… கொஞ்சம் யோசிக்க விடுங்க" என்றார். தருமம் செய்ய ஆகும், சம்பந்தம் செய்ய ஆகாது. எழுந்து, உங்கள் காசு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அந்தக் கம்பெனித் தம்பியிடம் சொன்ன மாதிரி வெடுக்கென்று சொல்லியிருப்பேன். ஜீப் ஸ்டாண்டில் வரிசையாக நிற்கிற முகங்கள் வந்து வாயை அடைத்துவிட்டன. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "யோசிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். மகன் கல்யாணத்தை விற்று நிலையத்துக்குக் காசு வாங்கினாள் என்று நீ நினைத்தால், நினைத்துக்கொள்.

தெருமுனைக்கு வந்திருப்பேன், பின்னாலேயே பெனிட்டா வந்துவிட்டாள். "நில்லுங்க அத்தை, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாரேன்" என்றாள். நான்தான் மனசு கேட்காமல், "எந்தம்பியை நெனைச்சுப் பயப்படாதத்தா. அவன் எறும்புக்குக் கூட வழி விட்டு நடக்கிறவன்" என்றேன்.

"அவுகளை நெனைச்சு எனக்கு ஒரு பயமும் இல்ல அத்தை" என்றாள். "அப்பாட்ட நான் பேசிக்கிருவேன், அவரும் வழிக்கு வந்துருவாரு. எனக்கு அது இல்ல. அவரைத் தூக்கி வளத்த மாமா டீத் தட்டோட முன்னாடி நிக்கிறாக, இங்கன இருக்கிற ஆளுன்னு சொல்லிட்டாருல்ல? நாளைக்குப் பிள்ளை பெத்த ஒடம்புல எனக்கு ஒண்ணு ஆகுது, நானும் மாத்திரை திங்கிறேன்னு வைங்க. அவரு ஆபீஸ் ஆளுக வீட்டுக்கு வந்தாகன்னா என்னைய யாருன்னு சொல்லுவாரு அத்தை?"

பஸ் வந்துவிட்டது. நான் அவளுக்குப் பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. அவள் உன்னைக் கூப்பிட மாட்டாளாம், நீயாகக் கூப்பிடுகிற வரைக்கும் காத்திருப்பாளாம்.

அம்மா